செட்டுக்காரப் பையன்

கதை எழுதுகிறவர்களைப் பற்றி ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவர்கள் பிறந்த நாளிலிருந்தே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள் என்று. என் விஷயம் அப்படி இல்லை. என் கையில் முதலில் இருந்தது குறடு, பிறகு திருப்புளி. கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் இருந்த மைக் செட்டுக் கடையில் 1971-லிருந்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுவது, விளக்குக் கட்டுவது, மறுநாள் அவிழ்த்துக்கொண்டு வருவது. சுற்று வட்டாரத்தில் என் பெயர் பலருக்குத் தெரியாது. 'செட்டுக்காரப் பையன்' என்றால் தெரியும்.

அந்தப் பட்டம் என்னை விட்டுப் போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற தை மாதம் சென்னையில் என் தங்கையின் பேத்திக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் சென்னையில் வரவேற்பு முதல் நாள் மாலையிலேயே நடந்துவிடுகிறது. தாலி மறுநாள் காலையில். இன்னும் தாலி ஏறாத தம்பதியை ஊரெல்லாம் வந்து வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு போய்விடுகிறது. முகூர்த்தத்துக்கு மிஞ்சுகிறவர்கள் வீட்டு மனிதர்களும் சமையற்காரர்களும்தான். இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. மறுநாள் ஆபீஸ் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

கூட்டத்தில் எனக்குக் கிடைத்த நாற்காலி பாட்டுப் போடுகிற பையனின் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வரிசை முழுவதும் காலியாக இருந்ததன் காரணம், உட்கார்ந்த பிறகு என் மார்க்கூட்டுக்குத் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பழைய பழக்கம், கண் தானாக மேஜைப் பக்கம் போயிற்று.

எங்கள் கடையில் இருந்தவற்றைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண்காட்சிச் சாமான் மாதிரி இருக்கும். இரண்டு வால்வு ஆம்ப்ளிபையர்கள். ஒவ்வொன்றும் முப்பது வாட்டு. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து சூடாகும் வரைக்கும் அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் வராத கிராமமானால் பன்னிரண்டு வோல்ட்டுக் கார் பாட்டரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். நாலு வேகத்தில் சுற்றுகிற ஒரு ரிக்கார்டு பிளேயர். அதன் ஊசி முனையைப் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கம் 78 சுற்றுத் தட்டுக்கு, மறு பக்கம் 45-க்கும் லாங் பிளேக்கும். அவசரத்தில் 45 தட்டை 78-ல் ஓடவிட்டால் டி. எம். சௌந்தரராஜன் பால்வாடிக் குழந்தையாகிவிடுவார். இது எனக்கு ஒரு தடவை நடந்தது. பந்தலில் இருந்த குழந்தைகள் மறுபடியும் அப்படியே போடச் சொல்லி அழுதார்கள்.

பழைய அரக்குத் தட்டுகள் இருநூறுக்கு மேல் இருந்தன. அவற்றில் பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான்; மூன்று நிமிஷம், கொஞ்சம் முன்பின்னாக. ஆகவே செட்டுக்காரன் எழுந்து போக முடியாது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார முடியாது. யாராவது இலையில் சோறு போட்டு மேஜைக்கே கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரு கை சோற்றைப் பிசையும். மறு கை அடுத்த தட்டைத் தேடும். வெயிலில் வைத்தால் அரக்குத் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கீழே விழுந்தால் சுக்கல். தட்டு உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார் முதலாளி. ஒரு ராத்திரிக்குச் சம்பளம் மூன்று ரூபாய்.

என்ன பாட்டு, எப்போது என்பதற்கு ஒரு முறை இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. பிறகு முருகன். பெண்ணை அழைத்துவரும்போது 'பாசமலர்' படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு. மருமகள் வீட்டுக்குள் வரும்போது 'சாரதா' படத்துப் பாட்டு. 1961-ல் ஒரு படமும் 1962-ல் ஒரு படமும் வந்து, தமிழ்நாட்டுக் கல்யாணங்களுக்கு வேண்டிய பாட்டை மொத்தமாகச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டன. 'பாசமலர்' எப்படி முடிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் தங்கையும் சாகிறார்கள். அதைப் பற்றி எந்தப் பெண் வீட்டாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தட்டின் மறுபக்கத்தில் ஒரு சோகப் பாட்டு இருந்து, கை தவறி அதைப் போட்டுவிட்டால், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் பத்து வருஷம் கழித்து ஏதாவது நடந்தால்கூடச் செட்டுக்காரன் நினைவுக்கு வருவான். ஆகவே சோகப் பாட்டு இருக்கிற பக்கத்தில் முதலாளி சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

விளக்கு வேலை வேறு மாதிரி. சீரியல் செட்டு என்று ஒன்று உண்டு. ஆறு வோல்ட்டுக் குட்டி பல்புகள் முப்பத்தெட்டை ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தால் வீட்டு மின்சாரத்துக்குச் சரியாக வரும். மேலே சிவப்பும் பச்சையுமாக ஜிகினாக் காகிதம். பார்க்க ஜோர்தான். ஆனால் முப்பத்தெட்டில் ஒன்று கண்ணை மூடினால் முப்பத்தெட்டும் மூடிக்கொள்ளும். செத்தது எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பல்பின் குறுக்கேயும் ஒரு துண்டுக் கம்பியை வைத்துக்கொண்டே போக வேண்டும். சரியான இடத்தில் வைத்ததும் மற்ற முப்பத்தேழும் குபீரென்று எரியும். ஏணி மேல் நின்றுகொண்டு, பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு, கீழே பெண்ணின் மாமா 'என்னப்பா, முகூர்த்தத்துக்குள்ள எரியுமா?' என்று கேட்டுக்கொண்டிருக்க, இந்தத் தேடலை எத்தனை ராத்திரி செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பின்னாளில் ஒரு நாவலில் தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கிற கோளாறு நாற்பதாம் பக்கத்தில் தொடங்கியது என்று கண்டுபிடித்தபோதெல்லாம் எனக்கு அந்த ஏணி ஞாபகம் வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே குழாய். அலுமினியக் கூம்பு. பின்னால் யூனிட்டைத் திருகி மாட்டி, தென்னை மரத்தில் ஏறிக் கட்டிவிட்டால் போதும். அந்த வடிவம் மிகவும் சிக்கனமானது. கொஞ்ச சக்தியை வாங்கிக்கொண்டு ஒரே திக்கில் பெரிய சத்தமாக வீசும். ராத்திரியில், காற்றும் ஒத்தாசை செய்தால், இரண்டு மைலுக்குக் கேட்கும். கீழ் ஸ்தாயி மட்டும் அதற்கு வராது. மிருதங்கம் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். பாடகர்கள் எல்லாரும் ஜலதோஷம் பிடித்தவர்களாகிவிடுவார்கள். அதை யார் கவனித்தார்கள்? ஒரு குழாயை ஊரைப் பார்த்தும், இன்னொன்றைப் பக்கத்து ஊரைப் பார்த்தும் கட்டச் சொல்வார்கள். பக்கத்து ஊரில் பங்காளிகள் இருப்பார்கள். பேச்சு வார்த்தை இருக்காது. கல்யாணம் நடக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. மைக்கைச் சோதிக்கும்போது எல்லாரையும் போல 'ஹலோ, ஹலோ' சொல்ல மாட்டார். விரல்களால் அதன் தலையில் தட்டுவார். அந்தத் தட்டலில் ஒரு கணக்கு இருக்கும். அவருடைய தகப்பனார் தவில் வித்வான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு அவர் சொன்னது இரண்டே இரண்டு. "ஈரக் கையோட பிளக்கைத் தொடாதே. நாயனம் எழும்பிட்டா ஊசியை எடுத்துடு. யார் சொன்னாலும் சரி."

அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டும் இருந்தன. நாயனம் சம்பிரதாயத்துக்கு, செட்டு ஆசைக்கு. நாயனம் பெண்ணின் தகப்பனார் ஏற்பாடு. செட்டு பெரும்பாலும் மாப்பிள்ளையின் சிநேகிதர்களுக்காக. ஒரே பந்தலில் இரண்டையும் வைத்துச் சமாளிப்பதற்கு முதலாளியின் விதியைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது.

1973 வைகாசியில் குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக் கல்யாணம். முதலாளிக்கு அன்று வேறு இரண்டு முகூர்த்தம். என்னைத் தனியாக அனுப்பினார். எனக்கு இருபது வயது. தனியாக அனுப்பியது தலைக்கு ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலை முகூர்த்தம் குறைவில்லாமல் முடிந்தது. நாயனக்காரர் அறுபது வயதுப் பெரியவர். சிவந்த மேனி, காதில் கடுக்கன், வெற்றிலைக் காவி ஏறிய உதடு. தாலி கட்டுகிற நேரத்தில் அவர் விரல் அசைத்ததும் கெட்டிமேளம் எழும்பியது. மாலையில் 'ரிசப்ஷன்'. அந்த ஊருக்கு அந்த வார்த்தை புதிது. பெண்ணின் பாட்டி ஒவ்வொருவரிடமும் அது என்ன சடங்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்திலிருந்து வாடகைக்கு வந்த இரண்டு வெல்வெட்டு நாற்காலிகளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பெரியவர் பந்தல் ஓரத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து கல்யாணி ராகத்தை எடுத்தார்.

நான் ஊசியை எடுத்து வைத்திருந்தேன். விதியை மறக்கவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. ராகம் இன்னும் மேலே போகவில்லை. பெரியவர் கீழேயே நின்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது சங்கீதம் தெரியாது. நேரமாகிறது என்றுதான் தெரிந்தது. திருச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலு பேர் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன தம்பி, இது ரிசப்ஷனா, கோயில் புறப்பாடா? நல்ல பாட்டா நாலு போடு."

"நாயனம் வாசிக்கிறாங்க, சார்."

"அவர் விடிய விடிய வாசிப்பார். எங்களுக்குப் பத்து மணிக்கு ரயில்."

ஒருவன் என் சட்டைப் பையில் ஒரு ஐந்து ரூபாய் நோட்டைச் செருகினான். நான் பெண்ணின் தகப்பனாரைத் தேடினேன். அவர் சமையற் கட்டில் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் சிரித்தார். அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். உத்தரவு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவனுக்கு அது எங்கேயும் கிடைக்கும். ஊசியை வைத்தேன்.

குழாய்களில் ஒன்று பெரியவரின் தலைக்கு நேர் மேலே, பந்தற்காலில் கட்டியிருந்தது. கட்டினவன் நான்தான். பாட்டு விழுந்ததும் பெரியவர் உடனே நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்தார், சில விநாடி வாசித்தார். கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் ஓடின, ஒலி மட்டும் எங்களுக்கு வரவில்லை. தவில் வாசித்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். கூடு மாட்டிய விரல்களைத் தவிலுக்கு மேலே தூக்கினபடி, அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அப்படியே வைத்திருந்தான். பிறகு பெரியவர் கண்ணைத் திறந்தார். நாயனத்தை இறக்கி, சீவாளியைக் கழற்றித் துடைத்து, துணி உறைக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினார். அவசரமே இல்லாமல்.

அவர் எழுந்து போயிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். போக முடியாது. சன்மானம் தட்டில் தேங்காய் பழத்தோடு கடைசியில்தான் வரும். ஆகவே இரண்டரை மணி நேரம், உறை போட்ட நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் தட்டுத் தட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்து என் மேஜைப் பக்கம் வந்தார். குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"இதுவும் அணசுதான், தம்பி. ஊதறவன்தான் உள்ளே இல்லை."

அணசு என்பது நாயனத்தின் அகன்ற வாய்ப்பகுதி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாமானைச் சாமானோடு ஒப்பிட்டுப் பார்க்கிற தொழிலாளியின் குரலில் சொன்னார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்த ராத்திரியில் எனக்கு மறக்காதது அந்தச் சிரிப்புத்தான்.

மறுநாள் மத்தியானம் சாமான்களோடு கடைக்கு வந்தேன். அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலாளி தட்டுகளை எண்ணினார், யூனிட்டுகளைச் சோதித்தார். கடைசியில், "அஞ்சு ரூபாயா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். திட்டவில்லை, பணத்தைக் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நாயனம் இருக்கிற இடத்துக்கு என்னைத் தனியாக அனுப்பவே இல்லை. சீரியல் செட்டுக் கட்ட அனுப்புவார். கட்டினதும் திரும்பிவிட வேண்டும். அந்தப் பெரியவருக்குப் பத்து வருஷம் தவில் வாசித்தவர் முதலாளியின் தகப்பனார் என்று கடையில் என்னோடு வேலை பார்த்தவன் ஒரு நாள் சொன்னான். 1974-ல் எனக்கு வேறு வேலை கிடைத்தது. விடைபெற்றுக்கொண்டபோது முதலாளி பத்து ரூபாய் கொடுத்தார். நல்லபடியாகத்தான் அனுப்பி வைத்தார்.

பின்னால் காஸெட்டு வந்தது. கெட்டிமேளம் உட்பட நாயனத்தையும் காஸெட்டில் பதிந்துவிட்டார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஒரு பையன் பொத்தானை அமுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். காஸெட்டு போய்க் குறுந்தகடு வந்தது, அதுவும் போயிற்று. அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம். கும்பகோணத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

சென்னை மண்டபத்துப் பையனிடம் எல்லாம் பெட்டிக் கணினிக்குள் இருந்தது. மேஜை மேல் இரண்டு சக்கரங்கள். தட்டு இல்லாத சக்கரங்கள். ஒரு பாட்டின் நடையும் அடுத்த பாட்டின் நடையும் ஒத்துப்போகிற இடத்தைக் காதுக்குழாயில் கேட்டுப் பிடித்து, தையல் தெரியாமல் ஒட்டினான். விளக்குகளுக்குத் தனியாக ஒரு பலகை. ஒரே கம்பியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள் போகுமாம். ஒரு விளக்குச் செத்தால் மற்றவை சாகாது என்பதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. பாட்டுப் போட யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். சில இடங்களில் கேட்டு மிரட்டுவார்கள் என்றான். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் கல்யாணத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதை அறிக்கை விட்டு நினைவூட்டியது. அந்த அறிக்கையைக் கைபேசியில் வைத்திருந்தான். கெட்டிக்காரப் பையன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிற 2000-ஆம் வருஷத்து விதியும் அவனுக்குத் தெரிந்திருந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று அதே விதிகளில் இருப்பதைச் சொன்னேன். சிரித்தான். சாதாரணப் பேச்சே கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

ஒன்பதே கால் மணிக்கு என் தங்கை மேடைப் படியருகில் வந்து நின்றாள். கையில் மடித்த காகிதம். பேத்திக்கு லாலி பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் கீழே முப்பது நாற்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் வந்து பையனிடம் கையால் ஜாடை காட்டினான். ஆட்டக்காரர்களில் ஒருவன், "ப்ரோ, நிறுத்தாதீங்க!" என்று கூவினான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பையன் என் பக்கம் குனிந்தான். "நிறுத்தினா சண்டை வரும், தாத்தா. இறக்கினா வராது."

முதலில் அடி ஒலியை மட்டும் எடுத்தான். என் மார்க்கூடு விடுதலை பெற்றது, ஆடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஆட்டக் களத்து விளக்குகளை ஒவ்வொன்றாக மங்கலாக்கி, மேடை மேல் மஞ்சள் வெளிச்சத்தைக் கூட்டினான். ஜனங்கள் வெளிச்சம் இருக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் பாட்டையே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். ஒன்றரை நிமிஷம் பிடித்திருக்கும். கடைசியில் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றார்கள். யாரும் நிறுத்தச் சொன்னதாகவே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. என் தங்கை பாடினாள். இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. காகிதம் கையில் இருந்தது. கண்ணாடி கைப்பையில் இருந்தது. அவளே சிரித்துவிட்டாள். பேத்தி இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். ஆடின பிள்ளைகள்தான் முதலில் கை தட்டினார்கள்.

ஊசியை வைப்பது, எடுப்பது, இந்த இரண்டைத் தவிர அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆம்ப்ளிபையரின் முகப்பில் இடது பக்கம் ஒரு கறுப்புத் திருகு உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண் போட்டிருக்கும். அன்று அது பத்தில் இருந்தது.

மணி பத்தானதும் பையன் கடையைக் கட்டினான். நான் எழுந்து, தரையில் கிடந்த ஒரு கம்பியை எடுத்து, பழைய வழக்கப்படி கட்டை விரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தேன். அவன் பதறிப்போய் ஓடிவந்தான்.

"அப்படிச் சுத்தாதீங்க, தாத்தா. உள்ளே கம்பி முறுக்கிக்கும். நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிடப் போங்க."